மங்கலச் சொற்களும் மூன்று ஒக்ரோபர் 30களும்

கறுப்பு நிற ஆட்டுக்கும் தமிழில் வெள்ளாடு என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த உதாரணம் நினைவிருக்கும். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பிரிக்கிறது. தகுதி வழக்கு மூன்று வகைப்படும். அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி வைத்துக்கொள்ளும் சொல் குழூஉக்குறி. செத்தவரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும் மங்கலத்துக்கு வழமையாகக் காட்டப்படுபவை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு உதாரணம்.

இவற்றுக்கிடையே ஒரு வேறுபாடு உண்டு. துஞ்சினார் என்று சொல்பவர், செத்தவரைக் கொன்றவர் அல்லர். கேட்பவரின் துயரத்தைக் கருதியே அவர் சொல்லை மென்மையாக்குகிறார். அங்கே யாரும் ஏமாற்றப்படுவதில்லை. நடந்தது என்ன என்பது இருவருக்கும் தெரியும். பொற்கொல்லரின் 'பறி' அப்படிப்பட்டதல்ல. பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளருக்கு விளங்கக் கூடாது என்பதே அதன் பயன்.

நவீன அரசுகளும், அரசாக விரும்பிய இயக்கங்களும் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன என்பதே இக்கட்டுரையின் வாதம். அவற்றின் சொற்கள் மங்கலத்தின் உடையை அணிந்துகொண்டு குழூஉக்குறியின் வேலையைச் செய்கின்றன. துயரப்படுபவரின் மனதைக் காப்பதாகப் பாவனை செய்து, துயரம் செய்தவரின் கையை மறைக்கின்றன. இதை ஈழத்து வரலாற்றின் மூன்று நாட்களை முன்வைத்துப் பார்க்கலாம். மூன்றும் ஒக்ரோபர் 30ஆம் திகதிகள்: 1964, 1990, 1995. மூன்றிலும் மக்கள் கூட்டம் கூட்டமாகத் தாம் வாழ்ந்த இடத்தை விட்டுப் போகவேண்டியதாயிற்று, அல்லது போகவேண்டுமென்று தீர்மானிக்கப்பட்டது. மூன்றுக்கும் அழகான பெயர்கள் வழங்கப்பட்டன.

முதலாவது, மலையக மக்களுடையது. அவர்களின் வரலாறே மங்கலச் சொற்களின் வரலாறு எனலாம். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அதன்பின் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த முறைகளில் 'அடிமை' என்ற சொல்லுக்கு இடமிருக்கவில்லை. இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது 'முற்பணம்'. கேட்பதற்கு முதலாளியின் தாராளம் போலத் தெரியும். நடைமுறையில் அது கடன். வழிச்செலவும் சாப்பாடும் அந்தக் கடனில் ஏறின. தொழிலாளி தோட்டத்துக்கு வந்து சேரும்போதே கங்காணிக்குக் கடனாளியாகவே வந்தார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்பினால் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டில் எழுதப்பட்டிருப்பது அவருடைய கடன். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். மனிதரை விற்று வாங்கும் முறை ஒழிக்கப்பட்ட பேரரசில், மனிதரின் கடன் கைமாறியது; மனிதர் அதன் பின்னால் நடந்தார். துண்டு முறை ஒழிக்கப்பட்டது 1921இல்தான்.

சுதந்திர இலங்கையும் இந்தக் கலையை விரைவாகக் கற்றுக்கொண்டது. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டத்தின் பெயர் 'பிரசாவுரிமைச் சட்டம்'. பெயரைப் பார்த்தால் உரிமை வழங்குகின்ற சட்டம். ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் பிரசாவுரிமையற்றவர்களானது அச்சட்டத்தின் விளைவு. அதைத் தொடர்ந்து வந்ததே 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம். நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுக்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும். மிகுதி 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். 1974இல் அந்த மிகுதியையும் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பங்கீட்டின்படி அனுப்பப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசாங்கக் கடுதாசிகளில் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எவ்வளவு மங்கலமான சொற்றொடர்! இதிலுள்ள இரண்டு சொற்களும் பிழையானவை. இலங்கையிலேயே பிறந்து, இலங்கையிலேயே பிறந்த தாய் தந்தையருக்குப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களுக்கு இந்தியா எப்படித் தாயகம்? ஒருநாளும் காணாத ஊருக்கு ஒருவர் எப்படித் 'திரும்ப' முடியும்? அவர்களிற் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்க விடப்பட்டார்கள். அயலவர்கள் அவர்களைச் 'சிலோன்காரர்' என்றே அழைத்தார்கள். அரசாங்கத்தின் பேரேட்டில் தாயகம் திரும்பியவர்; தெருவில் சிலோன்காரர். இந்த இடத்தில் தெருவின் சொல் உண்மைக்குக் கூடுதல் கிட்டவாக நிற்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது ஒக்ரோபர் 30க்கு வருமுன் இடைப்பட்ட காலத்தின் சொற்களைத் தொட்டுச் செல்ல வேண்டும். 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாகப் புள்ளிகள் வேறுபடுத்தப்பட்டன. மருத்துவபீடத்துக்கு 400 புள்ளிகளில் தமிழ் மாணவருக்கு 250 தேவைப்பட்டது. சிங்கள மாணவருக்கு 229 போதுமாயிருந்தது. இதிலிருந்து வளர்ந்த முறைக்குத் 'தரப்படுத்தல்' என்று பெயர். எல்லோரையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது போன்ற ஓசை அச்சொல்லுக்கு உண்டு. 1979இல் வந்தது 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் முழுப் பெயரில் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொற்கள் அடைப்புக்குள் இருந்தன. மூன்று வருடங்களுக்கென்று கொண்டுவரப்பட்ட அதற்கு 1982இல் கால எல்லை நீக்கப்பட்டது. காலம் போனது, அடைப்புக்குள்ளிருந்த 'தற்காலிகம்' மட்டும் போகவில்லை. 1987இல் வந்த இந்தியப் படையின் பெயர் 'அமைதி காக்கும் படை'. அதே வருடம் ஒக்ரோபரில் அது போர் தொடுத்தது. 21ஆம் திகதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் வைத்தியர்களும் ஊழியர்களும் அதன் படையினரால் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கப்பலேறும் வரை பெயர் மாறவில்லை.

எம்முடைய இயக்கங்களும் இதே காலத்தில் தமக்கென்று ஓர் அகராதியைத் தயாரித்துக்கொண்டன. மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர் 'சமூக விரோதி'. மாற்றுக் கருத்துக் கொண்டவர் 'துரோகி'. கொலை 'களையெடுப்பு' ஆயிற்று. கொல்லப்பட்டவர் பயிரல்ல, களை என்று முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடும் சொல் அது. பத்திரிகைகள் 'இனந்தெரியாத நபர்கள்' என்று எழுதின. ஊருக்கே தெரிந்தவர்களைப் பத்திரிகைக்கு மட்டும் தெரியாமற் போனது. ஆளைக் கொண்டுபோக வந்தவர்கள், அது இராணுவமாயினும் இயக்கமாயினும், வீட்டு வாசலில் தாயிடம் சொன்ன வசனம் ஒன்றுதான்: 'விசாரித்துவிட்டு விடுவோம்.' நன்னூலார் காலத்துக்குப் பின் தமிழில் உருவான மங்கல வசனங்களில் இதைவிடக் கொடியது இல்லை.

இப்போது 1990 ஒக்ரோபர் 30. வட மாகாணத்தின் முஸ்லிம்கள் அம்மாத நடுப்பகுதியிலிருந்து சாவகச்சேரி, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று ஒவ்வொரு பகுதியாக விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு வந்தனர். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்தின் முறை. ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரும்படி ஒலிபெருக்கி அழைத்தது. இரண்டு மணித்தியால அவகாசம். நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. சொற்பக் காசுடனும் உடுத்த உடுப்புடனும் அவர்கள் போனார்கள். வடக்கிலிருந்து இவ்வாறு துரத்தப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பான்மையோர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் போய்ச் சேர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வீட்டில் வேறு மொழி பேசாத மக்கள் அவர்கள்.

இதற்குத் தமிழ்ச் சூழலில் நீண்ட காலம் வழங்கிய சொல் என்ன? 'இடப்பெயர்வு.' அவர்கள் 'இடம்பெயர்ந்தார்கள்.' பெயர்தல் என்பது தன்வினை, பெயர்த்தல் பிறவினை. கிளி மரம் விட்டு மரம் பெயரும். செடியை ஒருவர் பெயர்த்தெடுப்பார். முஸ்லிம்கள் 'பெயர்ந்தார்கள்' என்று எழுதும்போது பெயர்த்த கை வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகிறது. கிழக்கில் நடந்த மோதல்களையும், ஊர்காவற் படையின் கொலைகளையும் எடுத்துக்காட்டிப் 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்று சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. கிழக்கில் தமிழர் கொல்லப்பட்டது உண்மை. அதே ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டதும் உண்மை. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்தவர் இவற்றில் எதற்கும் பொறுப்பாளி அல்லர் என்பதும் அதேயளவு உண்மை. 2002 ஏப்ரலில் புலிகளின் தலைமையும் முஸ்லிம் காங்கிரஸ் தலைமையும் திரும்பி வருவது பற்றி உடன்படிக்கை செய்தபோது, அந்த மக்களுக்குப் புத்தளத்தில் பிறந்த பிள்ளைகள் பன்னிரண்டு வயதை நெருங்கியிருந்தார்கள்.

'இனச்சுத்திகரிப்பு' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்பவர்களின் வாதம் நியாயமானது. ஆனால் அச்சொல்லையும் சற்று முகர்ந்து பார்க்க வேண்டும். யூகோஸ்லாவியப் போர்க்காலத்தில், 1992 அளவில், உலக வழக்குக்குப் பரவிய சொல் அது. மனிதரைத் துரத்துவதைச் 'சுத்தம் செய்தல்' என்று பார்ப்பது துரத்தியவனின் பார்வை. குற்றஞ்சாட்டுவதற்கென்று நாம் கையிலெடுக்கும் சொல்லிலும் குற்றவாளியின் மங்கலம் ஒட்டியிருக்கிறது. 'துரத்தப்பட்டார்கள்' என்ற பழைய தமிழ்ச் சொல்லுக்கு இந்தக் குறை இல்லை. யாரோ துரத்தியிருக்க வேண்டும் என்று அது உடனே கேட்க வைக்கிறது.

மூன்றாவது, 1995. சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் தொடுத்த போருக்குச் 'சமாதானத்துக்கான யுத்தம்' என்று பெயர். யூலை 9இல் 'முன்னோக்கிப் பாய்தல்' என்ற நடவடிக்கை தொடங்கியது; அன்றே நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்தது. ஒக்ரோபரில் தொடங்கியதன் பெயர் 'ரிவிரெச', சூரியக் கதிர். கதிர் யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது, ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை, மறுபடியும் ஒலிபெருக்கிகள் ஊர்ந்தன. வலிகாமத்தை விட்டு எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்ற புலிகளின் அறிவித்தல். பல இலட்சம் மக்கள் மழையிலும் இருளிலும் செம்மணி, நாவற்குழி வழியே தென்மராட்சி நோக்கி நகர்ந்தார்கள். இராணுவத்துக்கு அஞ்சியதும் உண்மை. நிற்க அனுமதி இல்லாததும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாகச் சுமக்கும் சொல் எம்மிடம் இருக்கவில்லை. 'மாபெரும் இடப்பெயர்வு' என்று வரலாற்றுப் பெருமிதத்தோடு எழுதப்பட்டது. நகரம் கைவிடப்பட்டது 'தந்திரோபாயப் பின்வாங்கல்' ஆயிற்று. 1996இல் வலிகாமத்து மக்களில் பெரும்பகுதியினர் இராணுவத்தின் கட்டுப்பாட்டிலிருந்த தம் வீடுகளுக்கே திரும்பி நடந்தார்கள். அந்தத் திரும்புதலுக்கு எந்த மங்கலப் பெயரும் வைக்கப்படவில்லை.

ஐந்து வருட இடைவெளியில் ஒரே திகதியில் ஒரே நகரத்தின் தெருக்களில் ஒலிபெருக்கி இரண்டு தடவை பேசியது. முதல் தடவை பேசியபோது வீட்டுக்குள் இருந்துகொண்டு படலையால் எட்டிப் பார்த்தவர்கள், இரண்டாம் தடவை மூட்டை கட்டினார்கள். இதைத் தெய்வத்தின் தீர்ப்பு என்று சொல்ல நான் வரவில்லை. முதலாவதை 'இடப்பெயர்வு' என்று ஏற்றுக்கொண்ட மொழியிடம், இரண்டாவது வந்தபோது எதிர்த்துக் கேட்பதற்குச் சொல் மிஞ்சியிருக்கவில்லை என்பதையே சொல்கிறேன்.

2009இல் இந்தச் சொற்கலை அதன் உச்சத்தை அடைந்தது. வன்னி யுத்தம் 'மனிதாபிமான நடவடிக்கை' என அழைக்கப்பட்டது. சனவரியிலிருந்து அடுத்தடுத்து மூன்று 'பாதுகாப்பு வலயங்கள்' அறிவிக்கப்பட்டன. மூன்றினுள்ளும் எறிகணை விழுந்ததை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று அதே குழு எழுதியது. தப்ப முயன்ற மக்கள் மீது புலிகள் சுட்டதையும், சிறுவரையும் பிடித்துப் போர்முனைக்கு அனுப்பியதையும் அதே அறிக்கை எழுதியது. இயக்கத்தின் அகராதியில் அது 'வீட்டுக்கொருவர்' இணைந்த போராட்டம். வன்னித் தாய்மார் அதற்கு வைத்த பெயர் 'பிள்ளைபிடி'. ஆளைக் காட்டிக்கொடுக்க முகமூடியோடு இருத்தப்பட்டவனுக்கு 'தலையாட்டி' என்று பெயர் வைத்ததும் இதே மக்கள்தான். அச்சத்தின் நடுவிலும் சனங்களின் வாய் மங்கலத்துக்கு மயங்கவில்லை.

எஞ்சி வந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். அவை 'நலன்புரிக் கிராமங்கள்'. மெனிக் பாமின் பிரிவுகளுக்கு ஆனந்தக் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியார்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. கலையின் தத்துவம் பேசிய குமாரசுவாமியின் பெயரால் ஒரு தடுப்பு முகாம். 2009 டிசம்பர் வரை அங்கிருந்து யாரும் தம் விருப்பப்படி வெளியே போக முடியாதிருந்தது. வேறாகப் பிரித்துக் கொண்டுசெல்லப்பட்ட ஆயிரக்கணக்கான முன்னாள் போராளிகளின் தடுப்புக்குப் 'புனர்வாழ்வு' என்று பெயர்.

நாம் வந்து சேர்ந்த நாடுகளுக்கும் இந்தக் கலை தெரியும். ஜேர்மனியில் 'டுல்டுங்' கடுதாசியோடு வருடக்கணக்காக வாழ்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: பொறுத்துக்கொள்ளுதல். வதிவிட உரிமை அல்ல அது. நாடு கடத்துவதைச் சற்றே ஒத்திவைத்திருக்கிறோம் என்ற அறிவித்தல். தமிழ்நாட்டில் 1990 முதல் பூட்டி வைக்கப்பட்டவர்களின் இடம் 'சிறப்பு முகாம்'. என்ன சிறப்பு என்று அதற்குள் இருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதி முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அதோடு வீடுகள் கட்டித்தரும் திட்டமும் வந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் சில உரிமைகளைக் கோரும் வலு உண்டு. மறுவாழ்வு பெறுபவர் என்ற சொல்லுக்கு நன்றி சொல்லும் கடமை மட்டுமே உண்டு.

இங்கு ஒரு மறுப்பு எழும். அரசின் பொய்யையும் ஒடுக்கப்பட்டவனின் பொய்யையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்க முடியாது. அரசின் சொல்லுக்குப் பின்னால் விமானமும் நீதிமன்றமும் வர்த்தமானியும் இருக்கின்றன. அளவில் இவை சமமல்ல. ஆனால் ஒஸ்மானியா மைதானத்தில் நின்ற தாய்க்கு அந்த நேரத்தில் அரசு எது? ஒலிபெருக்கியும் துப்பாக்கியும் யாரிடம் இருந்தனவோ அவர்களே. ஒடுக்கப்பட்டவன் என்பது ஒருவனின் நிரந்தரப் பட்டம் அல்ல. அது யாருக்கு முன்னால், எந்த நாளில் என்பதைப் பொறுத்தது. மேலும், எதிரியின் மங்கலத்தை மட்டும் கட்டவிழ்ப்பவனின் விமர்சனத்தை எதிரியும் நம்பமாட்டான், அயலவனும் நம்பமாட்டான். புத்தளத்தில் இருந்துகொண்டு எமது ஒப்பாரியைக் கேட்டவர்கள் எமது சொற்களை எப்படி எடுத்திருப்பார்கள் என்று நாம் எப்போதாவது யோசித்தோமா?

சொல்லைத் திருத்துவதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஓர் உதாரணம் மட்டும். அரசு நிறுவிய அலுவலகம் ஒன்று 'காணாமற் போனோர்' பற்றியது. போதல் தன்வினை, சந்தையில் பிள்ளை காணாமற் போவது போல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தி, வருடக்கணக்காக அங்கேயே இருந்த தாய்மார் இச்சொல்லை ஏற்கவில்லை. எங்கள் பிள்ளைகள் போகவில்லை, 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டார்கள்' என்றார்கள். பலர் தம் கையால் பிள்ளையை இராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள். ஆக்கப்பட்டார்கள் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இலக்கணப் புத்தகத்தில் செயப்பாட்டுவினை என்று நாம் மனப்பாடம் செய்ததை அவர்கள் வெயிலில் இருந்துகொண்டு ஒரு வழக்காக்கினார்கள். இன்று எவரும் அச்சொல்லைத் தவிர்த்து எழுதினால் அது தெரிந்தே எழுதப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது.

அந்தத் தாய்மாரின் சொற்றொடரில் எமக்கான அளவுகோல் இருக்கிறது. யார் செய்தார், யாருக்குச் செய்தார், அவரால் மறுத்திருக்க முடிந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரு சொல் இடம் வைத்திருக்கிறதா? 'தாயகம் திரும்பியோர்' இதில் தேறாது. 'இடம்பெயர்ந்தோர்' தேறாது. எமது சஞ்சிகைகளும் ஆண்டு மலர்களும் எழுதிய வசனங்களிற் பலவும் தேறா; நான் எழுதியவை உட்பட.

துஞ்சினார் என்று சொல்லும் உரிமை செத்தவரின் வீட்டாருக்கு உண்டு. அவர்களிடமிருந்து அதை யாரும் பறிக்கக் கூடாது. மற்றவர்கள், அதிலும் எழுதுகிறவர்கள், கொல்லப்பட்டார் என்றும் துரத்தப்பட்டார் என்றும், அதற்கு முன்னால் எழுவாயையும் வைத்து எழுதப் பழக வேண்டும். அடுத்த ஒக்ரோபர் 30 வரும்போது எம்மில் எத்தனை பேர் அந்த மூன்று வருடங்களையும் ஒரே பக்கத்தில் எழுதத் தயாராயிருக்கிறோம் என்பதே கேள்வி.